கன்டெய்னருக்கு ஃபோல்டர் போதும், சாவி எதற்கு?

கடலூரில் ஒரு ஸ்கேன் சென்டர், சிதம்பரத்தில் அதன் கிளை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் வருவது ஒரு படம் இல்லை, நூற்றுக்கணக்கான படங்கள். ஒரு வருஷத்தில் டிஸ்க் நிரம்பிவிடும். அதனால் கடலூர் அலுவலகத்தில் நான்கு ஹார்டு டிஸ்க் போட்ட ஒரு ‘நாஸ்’ பெட்டி வாங்கி வைக்கிறார்கள். படங்களை வாங்கி, அடுக்கி, டாக்டருக்குக் காட்டும் வேலைக்கு ஆர்தங்க் என்ற சாஃப்ட்வேர். பெல்ஜியத்தில் உருவான ஓப்பன் சோர்ஸ், இலவசம். அதை டாக்கர் கன்டெய்னராகப் பக்கத்தில் இருக்கும் ஒரு லினக்ஸ் மெஷினில் ஓட்டுகிறார்கள்.

இப்போது ஒரே ஒரு வேலை பாக்கி. நாஸ் பெட்டியில் இருக்கும் ஃபோல்டர், கன்டெய்னருக்குள் தெரிய வேண்டும். சிஸ்டம்ஸ் பார்க்கும் பையன் கன்டெய்னருக்குள் போய் மவுன்ட் கமாண்டை அடிக்கிறார். ‘அனுமதி இல்லை’ என்று வருகிறது. சூடோ போட்டாலும் அதேதான். ரூட் யூசராகவே உட்கார்ந்து அடித்தாலும் அதேதான். நண்பரிடம் கேட்டால் பதில் ரெடி: “மச்சி, ப்ரிவிலேஜ்டுனு ஒரு வார்த்தை சேரு, ஓடிடும்.”

சேர்த்தால் ஓடத்தான் செய்யும். அதுதான் பிரச்னையே. அந்த ஒரு வார்த்தையோடு, கன்டெய்னர் போட்டதற்கான காரணத்தில் பெரும்பகுதி காலியாகிவிடுகிறது. நோயாளிகளின் படங்கள் இருக்கும் மெஷினில் ஒருவர் இதைச் செய்கிறார் என்றால், அது சின்ன ஷார்ட்கட் இல்லை.

கர்னல் ஏன் முரண்டு பிடிக்கிறது?

கன்டெய்னர் என்பது தனிக் கம்ப்யூட்டர் இல்லை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது ஹோஸ்ட் மெஷினில் ஓடும் சாதாரண புராசஸ்தான். சுற்றிலும் தட்டி கட்டி, “உனக்குத் தெரிகிற உலகம் இவ்வளவுதான்” என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கர்னல் ஒன்றே ஒன்று. ஹோஸ்ட்டுக்கும் அதே, உள்ளே ஓடும் பத்து கன்டெய்னருக்கும் அதே.

இந்தத் தட்டி கட்டும் வேலை புதுசு இல்லை. 1979-லேயே யூனிக்ஸில் சி.எச்.ரூட் வந்துவிட்டது. ஒரு புரோகிராமுக்கு ‘இந்த ஃபோல்டர்தான் உனக்கு மொத்த டிஸ்க்’ என்று நம்ப வைக்கும் ஏற்பாடு. 2000-ல் ஃப்ரீ பி.எஸ்.டி. அதற்கு ‘ஜெயில்’ என்றே பெயர் வைத்தது. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே, எல்லாம் வல்ல ரூட்டை அடைத்து வைப்பது என்ற பொருளில்தான் இருந்தது. லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் நேம்ஸ்பேஸ்கள் 2002-ல் தொடங்கி ஒவ்வொன்றாக வந்தன. முதலில் வந்தது மவுன்ட் நேம்ஸ்பேஸ். யூசர் நேம்ஸ்பேஸ் முழுமையடைந்தது 2013-ல். அதே வருஷம் டாக்கர் வந்தது, ஆளாளுக்குக் கன்டெய்னர் என்று பேச ஆரம்பித்தார்கள்.

என்.எஃப்.எஸ். இதைவிட மூத்தது எனலாம். 1980-களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது. வேறொரு மெஷினில் இருக்கும் ஃபோல்டரை, நம் மெஷினில் இருப்பது போலவே காட்டும். புரோகிராமுக்கு வித்தியாசமே தெரியாது. அந்த மாயத்தைச் செய்வது யார்? கர்னல். ‘மவுன்ட்’ என்று ஒருவர் சொன்ன உடனே, கர்னல் தன் சொந்த உடம்புக்குள் ஒரு ஃபைல் சிஸ்டம் டிரைவரை எழுப்பி, நெட்வொர்க்கில் எதிரே இருக்கும் சர்வரோடு பேச ஆரம்பிக்கிறது. எதிரே இருக்கும் சர்வர் நல்லதா, வேண்டுமென்றே கோணல் மாணலான பதில்களை அனுப்பும் போலி சர்வரா? கர்னலுக்குத் தெரியாது. போலி சர்வர் அனுப்பும் ஒரு பதிலில் டிரைவர் தடுக்கி விழுந்தால், விழுவது கன்டெய்னர் மட்டும் இல்லை. மொத்த மெஷினும்தான்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 2022 ஜனவரியில் சி.வி.இ-2022-0185 என்ற எண்ணில் ஒரு ஓட்டை வெளியானது. மவுன்ட் செய்யும்போது கொடுக்கும் ஆப்ஷன்களைப் படிக்கும் கர்னல் கோடில் ஒரு கழித்தல் கணக்கு தப்பாகப் போயிருந்தது. அவ்வளவுதான். அதை வைத்து, மவுன்ட் செய்யும் உரிமை கிடைத்த ஒரு கன்டெய்னருக்குள் இருந்து வெளியே ஹோஸ்ட்டுக்கே தாவ முடிந்தது. டாக்கர் சாதாரணமாக அந்த உரிமையைக் கொடுப்பதில்லை. கொடுத்து வைத்தவர்களும், நேம்ஸ்பேஸ் வழியாக அதைப் பெற இடம் விட்டவர்களும்தான் அன்று அவசரமாக அப்டேட் போட வேண்டியிருந்தது.

அந்த உரிமைக்கு லினக்ஸில் ‘கேப் சிஸ் அட்மின்’ என்று பெயர். பெயரைப் பார்த்தால் ஏதோ ஒரு குட்டி அனுமதி மாதிரி இருக்கும். உண்மையில், எங்கே வைப்பது என்று தெரியாத அதிகாரங்களையெல்லாம் கர்னல் எழுதியவர்கள் வருஷக்கணக்கில் அதற்குள் திணித்து வைத்திருக்கிறார்கள். மவுன்ட் அதில் ஒன்று. ‘ப்ரிவிலேஜ்டு’ அதையும் தாண்டி, எல்லா அனுமதிகளையும் மொத்தமாகக் கொடுத்து, ஹோஸ்ட்டின் டிஸ்க்குகளையும் உள்ளே காட்டிவிடும். உள்ளே நுழைந்தவர் ஹோஸ்ட்டின் முழு ஹார்டு டிஸ்க்கையும் மவுன்ட் செய்து உலாவலாம். ஃபோல்டர் கேட்டவருக்கு வீட்டுப் பத்திரத்தையே கொடுத்த கதை.

கர்னல்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மறுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யூசர் நேம்ஸ்பேஸுக்குள் சாதாரண ஆள் எதை மவுன்ட் செய்யலாம் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. ஃப்யூஸ் 2018-ல் அதில் சேர்ந்தது. ஓவர்லே 2021-ல் சேர்ந்தது. என்.எஃப்.எஸ். அந்தப் பட்டியலில் இல்லை. மறதியால் விட்டது இல்லை, வேண்டுமென்றே விட்டதுதான்.

பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்

சரி, என்.எஃப்.எஸ். சர்வர் பக்கமாவது கெட்டியா என்றால், அதற்குக் கடலூரின் பழைய கதை ஒன்று கச்சிதமாகப் பொருந்துகிறது.

1690-ல் கிழக்கிந்திய கம்பெனி, கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராத்தியரிடம் இருந்து விலைக்கு வாங்கியது. அப்போது மதராஸ் கவர்னர் எலிஹு யேல். செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். எல்லை எது என்று முடிவு செய்த விதம்தான் விசேஷம். கோட்டையில் இருந்து பீரங்கியைச் சுடுவது, குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதற்குள் இருக்கும் கிராமம் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். அப்படி உள்ளே வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. அந்த ஊரில் யார் இருக்கிறார்கள், அவர்கள் யார் பக்கம் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. தூரத்துக்குள் இருந்தால் போதும்.

பெரும்பாலான ஆபீஸ்களில் என்.எஃப்.எஸ். அனுமதி இன்றும் இப்படித்தான் போகிறது. நாஸ் பெட்டியின் செட்டிங்கில் 192.168.1.0/24 என்று போட்டுவிடுகிறார்கள். அந்த ஐ.பி. வட்டத்துக்குள் எது வந்தாலும் நம்ம ஆள். ரிசப்ஷன் கம்ப்யூட்டர், பில் போடும் மெஷின், வைஃபை பாஸ்வேர்டு வாங்கிக்கொண்ட விருந்தாளியின் லேப்டாப், எல்லாமே குண்டு விழுந்த தூரத்துக்குள்தான்.

வட்டத்தைச் சுருக்கி ஹோஸ்ட் மெஷினின் ஒரே ஐ.பி.க்கு மட்டும் அனுமதி கொடுத்தால்? கண்டிப்பாக நல்லது. ஆனால் இங்கே பலருக்குத் தெரியாத ஒரு பொந்து இருக்கிறது. டாக்கர் கன்டெய்னர் வழக்கமான அமைப்பில் வெளியே பேசும்போது, ஹோஸ்ட்டின் ஐ.பி.யைப் போட்டுக்கொண்டுதான் பேசுகிறது. நாஸ் பெட்டிக்கு ஹோஸ்ட் பேசுகிறதா, உள்ளே இருக்கும் கன்டெய்னர் பேசுகிறதா என்ற வித்தியாசம் தெரியாது. கர்னலின் உதவியே இல்லாமல், மவுன்ட்டே செய்யாமல், என்.எஃப்.எஸ். மொழியில் நேரடியாகப் பேசும் லைப்ரரிகள் இருக்கின்றன. கன்டெய்னருக்குள் புகுந்த ஒருவர் அதை வைத்து நாஸுடன் பேசலாம். ஆகவே மவுன்ட் அனுமதியை மறுத்தால் மட்டும் போதாது. கன்டெய்னர் நெட்வொர்க்கில் இருந்து நாஸின் 2049 போர்ட்டுக்குப் போகும் வழியையே ஹோஸ்ட்டின் ஃபயர்வாலில் அடைக்க வேண்டும். ஒரு வரி ரூல்தான். இதைச் சொல்லித்தரும் வழிகாட்டிகள் மிகக் குறைவு என்பது ஆச்சரியம்.

பேசினால் என்ன, யூசர் அனுமதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது வாய்மொழி அனுமதி.

சிதம்பரத்தின் பூட்டிய அறை

தேவார ஓலைச்சுவடிகள் கிடைத்த கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். திருமுறை கண்ட புராணம் சொல்லும் மரபுக் கதை அது. மூவர் பாடிய பதிகங்கள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடக்கின்றன. மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் கேட்டபோது தீட்சிதர்கள் சொல்கிறார்கள்: மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும். மூவரும் மறைந்து காலம் ஆகிவிட்டது. மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து, இதோ வந்துவிட்டார்கள் என்கிறான். கதவு திறக்கிறது.

பக்தியில் திருவுருவம்தான் அடியார். அதில் கேள்விக்கு இடமில்லை. ஆனால் ஒரு ஃபைல் சர்வர் இதே கணக்கைப் பின்பற்றினால் வம்பு. என்.எஃப்.எஸ். வழக்கமாகப் பயன்படுத்தும் ‘ஆத் சிஸ்’ முறை இதைத்தான் செய்கிறது. கிளையன்ட் மெஷின் “நான் 1001-ம் நம்பர் யூசர்” என்று சொல்லும். சர்வர் “அப்படியா, வாங்க” என்று கதவைத் திறக்கும். பாஸ்வேர்டு கிடையாது, சரிபார்ப்பு கிடையாது. ‘ரூட் ஸ்குவாஷ்’ என்ற பாதுகாப்பு உண்டு. ரூட் என்று சொல்லிக்கொண்டு வருபவரை, ஒன்றும் இல்லாத ‘நோபடி’ ஆளாக மாற்றிவிடும். ஆனால் ரூட்டாக இருப்பவர் ஒரு நொடியில் 1001 ஆக மாறிக்கொண்டு வந்தால்? உள்ளே விட்டுவிடும். ரூட் ஸ்குவாஷ் இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. கெர்பெரோஸ் போட்டால் நிஜமான அடையாளச் சரிபார்ப்பு வரும். ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும், சின்ன ஆபீஸ்களில் நடைமுறையில் யாரும் போடுவதில்லை. அதனால்தான் கன்டெய்னருக்குள் யார் எந்த அதிகாரத்தில் இருக்கிறார்கள் என்பது இவ்வளவு முக்கியமாகிறது. சர்வர் எதையும் கேட்காத ஊரில், கேட்க வேண்டிய ஒரே இடம் ஹோஸ்ட்.

அப்போ என்னதான் செய்வது?

ஹோஸ்ட் மவுன்ட் செய்யட்டும். கன்டெய்னருக்கு, அதற்கு வேண்டிய ஃபோல்டரை மட்டும் உள்ளே கொடுக்கட்டும். விஷயம் இவ்வளவுதான். இதற்குத் தனி அதிகாரம் எதுவும் கன்டெய்னருக்குத் தேவையில்லை. போலி சர்வரை நோக்கி மவுன்ட் செய்யும் வாய்ப்பும் உள்ளே இருப்பவருக்கு இல்லை. படங்களைப் பார்க்க மட்டும் செய்யும் கன்டெய்னர் என்றால், படிக்க மட்டும் அனுமதி என்று சேர்த்துவிடலாம். ரான்சம்வேர் வந்து உட்கார்ந்தாலும், அந்தக் கன்டெய்னர் வழியாக ஒரு படத்தைக்கூட மாற்ற முடியாது.

பெரிய இடங்களில் இதுதான் வழக்கம். குபர்னெட்டிஸில் ஒரு பாட் என்.எஃப்.எஸ். வால்யூம் கேட்டால், பாட் மவுன்ட் செய்வதில்லை. அந்த நோடில் இருக்கும் குபெலெட் மவுன்ட் செய்து கொடுக்கிறது. டாக்கரில் என்.எஃப்.எஸ். விவரங்களோடு ஒரு வால்யூம் உருவாக்கினால், மவுன்ட் செய்வது டாக்கர் டீமன். ஃப்ரீ பி.எஸ்.டி. ஜெயிலிலும் உள்ளே இருந்து என்.எஃப்.எஸ். மவுன்ட் செய்ய முடியாது. வெளியே மவுன்ட் செய்து நல்எஃப்.எஸ். மூலம் உள்ளே காட்டுவார்கள். ப்ராக்ஸ்மாக்ஸில் அன்ப்ரிவிலேஜ்டு கன்டெய்னருக்கும் இதே வழிதான். நான்கு வெவ்வேறு குழுக்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கும்போது, ‘ப்ரிவிலேஜ்டு போட்டா ஓடிடும்’ என்பதை ஒரு மாற்று வழியாகக்கூட எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இதில் எரிச்சல் தரும் இடம் ஒன்று உண்டு, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. யூசர் நம்பர் குழப்பம். அன்ப்ரிவிலேஜ்டு கன்டெய்னரில் உள்ளே 1000 என்று இருக்கும் யூசர், வெளியே ஹோஸ்ட்டுக்கு வழக்கமாக 101000. நாஸ் பெட்டிக்குத் தெரிவதும் 101000-தான். அப்படி ஒரு ஆளையே அதற்குத் தெரியாது. ஃபோல்டர் தெரியும், உள்ளே எழுதப் போனால் அனுமதி மறுக்கப்படும். இங்கே பொறுமை இழந்து ஃபோல்டருக்கு 777 போடுகிறவர்கள் நிறைய. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம் என்று போர்டு மாட்டுவதற்குச் சமம். அதற்குப் பதில் நாஸ் பக்கம் ‘ஆல் ஸ்குவாஷ்’ போட்டு, இந்த ஹோஸ்ட்டில் இருந்து யார் வந்தாலும் ஒரே ஒரு குறிப்பிட்ட யூசராக வைத்துக்கொள் என்று சொல்லிவிடலாம். அந்த யூசருக்கு ஸ்கேன் ஃபோல்டரைத் தவிர வேறு எதற்கும் அனுமதி கொடுக்காமல் இருந்தால் வேலை முடிந்தது. 1001 என்று பொய் சொல்லி வருபவரும் அந்த ஒரே ஆளாகத்தான் மாறுவார்.

இன்னொன்று. ஆர்தங்க்கில் படங்கள் ஓர் இடத்திலும், எந்தப் படம் யாருடையது என்ற இண்டெக்ஸ் வேறு இடத்திலும் வைக்கலாம். இண்டெக்ஸ் வழக்கமாக எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். அதை என்.எஃப்.எஸ். மேல் வைக்கவே கூடாது. ஃபைலைப் பூட்டும் வேலை நெட்வொர்க்கில் நம்பிக்கையாக நடப்பதில்லை, டேட்டாபேஸ் கெட்டுப்போகலாம் என்று எஸ்க்யூலைட் எழுதியவர்களே எச்சரிக்கிறார்கள். படங்கள் நாஸில், இண்டெக்ஸ் ஹோஸ்ட்டின் சொந்த டிஸ்க்கில். அந்த இண்டெக்ஸுக்குத் தினமும் ஒரு பேக்அப்.

கரன்ட் போய்த் திரும்பி வரும்போது

இதுவரை சொன்னது செக்யூரிட்டி. ஆனால் ஹோஸ்ட் வழியாக ஃபோல்டர் கொடுக்கும் முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அது ஹேக்கருக்காகக் காத்திருக்காது, ஒரு மழைக்குப் போதும்.

கடலூர் மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த தானே புயல். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம். தானேவில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களுக்குக் கரன்ட் திரும்பவே நாட்கள் ஆனது. பெரிய புயல்கூட வேண்டாம், ஒரு சாதாரண மதிய நேரக் கரன்ட் கட் போதும்.

யு.பி.எஸ். பேட்டரி தீர்ந்து, எல்லா மெஷினும் அணைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரன்ட் வந்ததும் எல்லாமே ஒரே நேரத்தில் எழுந்திருக்கும். எஸ்.எஸ்.டி. போட்ட ஹோஸ்ட் சட்டென்று ரெடியாகிவிடும். நாஸ் பெட்டி நான்கு டிஸ்க்கையும் சுற்றவிட்டு, சரிபார்த்து, மெதுவாக வரும். அந்த இடைவெளியில் என்.எஃப்.எஸ். மவுன்ட் தோற்றுப்போகிறது. ஆனால் மவுன்ட் செய்யப்பட வேண்டிய காலி ஃபோல்டர் ஹோஸ்ட்டில் இருக்கிறதே! கன்டெய்னருக்கு அந்தக் காலி ஃபோல்டர் போய்விடுகிறது. கன்டெய்னருக்கு எந்தச் சந்தேகமும் வராது. புதுப் படங்கள் வருகின்றன, அது ஹோஸ்ட்டின் சின்ன டிஸ்க்கில் எழுதிக்கொண்டே போகிறது. எங்கேயும் எர்ரர் இல்லை, சிவப்பு விளக்கு இல்லை.

ஐந்து நிமிஷம் கழித்து நாஸ் வந்து, ஹோஸ்ட்டும் மவுன்ட் செய்துவிட்டாலும் சரியாகாது. டாக்கர் வழக்கமான அமைப்பில், பின்னால் நடந்த மவுன்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் பழைய காலி ஃபோல்டரிலேயே எழுதும். அடுத்த வாரம் யாரோ கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்வார்கள். அப்போது ஒரு வாரப் படங்களைக் காணோம்! உண்மையில் அவை எங்கும் போகவில்லை, மேலே வந்து உட்கார்ந்த மவுன்ட்டுக்கு அடியில் மறைந்து கிடக்கின்றன. தெரிந்தவர் இருந்தால் மீட்டுவிடலாம். தெரியாதவர் பதற்றத்தில் ஹோஸ்ட்டை ஃபார்மட் செய்தால்?

இதற்குத் தீர்வு கஷ்டமே இல்லை. மவுன்ட் இருந்தால் மட்டும் கன்டெய்னர் கிளம்ப வேண்டும் என்று சிஸ்டம்டி-யில் ஒரு வரி எழுதலாம். அல்லது டாக்கரின் என்.எஃப்.எஸ். வால்யூமையே பயன்படுத்தலாம். நாஸ் இல்லையென்றால் மவுன்ட் தோற்கும், கன்டெய்னர் கிளம்பாமல் நின்றுவிடும், காலையில் வரும் ரிசப்ஷனிஸ்ட் உடனே போன் போடுவார். சத்தமில்லாமல் தப்பான இடத்தில் எழுதுவதைவிட, ஓடாமல் நிற்பது ஆயிரம் மடங்கு மேல். இன்னும் ஒரு பழைய வித்தை உண்டு: நாஸ் மவுன்ட் ஆகாத நேரத்தில், அந்தக் காலி ஃபோல்டரை யாரும் எழுத முடியாதபடி ‘இம்யூட்டபிள்’ என்று பூட்டி வைப்பது. ரூட்டால்கூட அதில் ஒரு ஃபைல் போட முடியாது. மவுன்ட் மேலே வந்ததும் வழக்கம்போல எழுதலாம்.

சிதம்பரம் கிளையின் கதை தனி. நடுவில் சுமார் 45 கிலோமீட்டர், பிராட்பேண்ட் லைன். கடலூர் நாஸை அங்கிருந்தே என்.எஃப்.எஸ். மவுன்ட் செய்யலாமா? வேண்டாம். என்.எஃப்.எஸ். ஒரு கட்டடத்துக்குள், நல்ல கேபிளில் ஓடுவதற்குச் செய்த ஏற்பாடு. லைன் அறுந்தால், வழக்கமான ‘ஹார்டு’ மவுன்ட் விடாமல் காத்துக்கொண்டே இருக்கும். அந்த ஃபோல்டரைத் தொட்ட ஒவ்வொரு புரோகிராமும் உறைந்து நிற்கும். டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கும் கமாண்டுகூட திரும்பி வராது. ‘சாஃப்ட்’ என்று மாற்றினால் காத்திருக்காது, ஆனால் பாதி எழுதிய ஃபைலோடு கைவிட்டுவிடும். இரண்டுமே ஸ்கேன் படத்துக்கு ஆகாது. 2049 போர்ட்டை இன்டர்நெட்டில் திறந்துவைப்பது பற்றிப் பேசவே வேண்டாம். சிதம்பரத்தில் ஒரு சின்ன டிஸ்க்கில் எழுதி, வி.பி.என். வழியாக ராத்திரியில் ஆர்சிங்க் மூலம் கடலூருக்கு அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். லைன் போனால் காலையில் மறுபடி அனுப்பும்.

“நம்ம ஊரு சின்ன சென்டர், யாரு வந்து ஹேக் பண்ணப் போறாங்க?”

இந்தக் கேள்வியில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. யாரும் கடலூர் ஸ்கேன் சென்டரைக் குறிவைத்து உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் ஓட்டை தேடும் புரோகிராம்கள் ஊர் பெயர் பார்ப்பதில்லை. இன்டர்நெட்டில் தெரியும் ஒவ்வொரு முகவரியாகத் தட்டிக்கொண்டே போகும், திறந்த கதவு கிடைத்தால் நுழையும். பெரிய மருத்துவமனைக்குத் தனி செக்யூரிட்டி டீம் இருக்கும். சின்ன சென்டரில் ஒரே மெஷின், ஒரே நாஸ், பகுதி நேரமாக வந்துபோகும் ஒரே பையன். அங்கே ஒரு கன்டெய்னர் உடைந்தால் எல்லாமே உடையும். சட்டமும் சென்டரின் அளவைப் பார்த்து ஒதுங்கிவிடாது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சின்ன சென்டருக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று இல்லை. ஆனால் ‘ப்ரிவிலேஜ்டு போட்டிருந்தோம், ஏன்னா அப்பதான் ஓடிச்சு’ என்பதை எந்த அதிகாரியும் நியாயமான ஏற்பாடாக ஏற்கப்போவதில்லை.

கன்டெய்னருக்குள் இருந்தே மவுன்ட் செய்துதான் ஆக வேண்டும் என்ற நிலை சிலருக்கு வரலாம். புதுப்புது சர்வர்களை அடிக்கடி மாற்றி மாற்றி இணைக்கும் டெஸ்டிங் வேலை, பழைய சாஃப்ட்வேரின் பிடிவாதம் மாதிரி. அப்படியென்றால் கன்டெய்னரை விட்டுவிட்டு விர்ச்சுவல் மெஷினுக்குப் போவதுதான் நேர்மையான வழி. அதற்குச் சொந்தமாக ஒரு கர்னல் இருக்கிறது. உள்ளே என்.எஃப்.எஸ். டிரைவர் விழுந்தால் அந்த கர்னல்தான் விழும், ஹோஸ்ட் தப்பிக்கும். கொஞ்சம் மெமரி கூடுதலாகச் செலவாகும். இன்றைய ரேம் விலையிலும் அது ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டைவிட மலிவுதான்.

தில்லையின் அந்த அறைக் கதையில் இன்னும் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது. கதவைத் திறந்து பார்த்தபோது சுவடிகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றி, புற்றை நீக்கி, மிச்சம் இருந்ததை எடுத்தார்கள். கதவு கெட்டியாகத்தான் இருந்தது. உள்ளே இருந்ததற்கு இன்னொரு பிரதி இல்லை. நாஸ் பெட்டியில் நான்கு டிஸ்க் இருப்பது பிரதி ஆகாது. ஒரே பெட்டி, ஒரே அறை, ஒரே வெள்ளம்.

இப்படி ஒரு அமைப்பை நடத்துபவர்கள், கூட்டம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று வேலை செய்து பார்க்கலாம். முதலில், ஓடும் கன்டெய்னர்களில் எதற்காவது ‘ப்ரிவிலேஜ்டு’ இருக்கிறதா என்று டாக்கர் இன்ஸ்பெக்ட் போட்டுப் பார்ப்பது. அடுத்து, கன்டெய்னருக்குள் இருந்து நாஸின் 2049 போர்ட்டைத் தொட முடிகிறதா என்று பார்ப்பது. கடைசியாக, ஹோஸ்ட்டையும் நாஸையும் ஒழுங்காக ஷட்டவுன் செய்துவிட்டு, நாஸை அணைத்தே வைத்து, ஹோஸ்ட்டை மட்டும் ஆன் செய்து, ஒரு டெஸ்ட் படத்தை அனுப்புவது. படம் ஏற்கப்படாமல் திரும்பி வந்தால் நல்லது. ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்தால், அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அன்றைக்கே தேடிவிட வேண்டும்.